டைனோசரின் உடற்சூடு

டைனோசர்கள் வெப்ப இரத்தப் பிராணிகளா, குளிர் இரத்தப் பிராணிகளா என்ற கேள்வி தொல்லுயிரியலில் ஏறக்குறைய 180 ஆண்டுகளாக இருந்துவருகிறது. எலும்பு கல்லாகிறது, பல் கல்லாகிறது, காலடித்தடமும் முட்டையோடும்கூடக் கல்லாகிக் கிடைக்கின்றன. உடற்சூடு மட்டும் கல்லாவதில்லை. அதனால் இந்த விவாதம் முழுக்க மறைமுகச் சான்றுகளை நம்பியே நடந்திருக்கிறது. எலும்பை அறுத்துப் பார்த்தவர்கள் ஒரு விடை சொன்னார்கள். மூக்கின் உட்புறத்தை ஆராய்ந்தவர்கள் அதை மறுத்தார்கள். பல்லின் அணுக்களை அளந்தவர்கள் மூன்றாவதாக ஒன்றைச் சொன்னார்கள். இந்த முரண்பாட்டுக்கு ஆய்வாளர்களின் பிடிவாதமும் ஓரளவு காரணம். அதைவிடப் பெரிய காரணம், உடற்சூடு என்று சொல்லப்படுவது ஒற்றைப் பண்பாக இல்லாமல் மூன்று பண்புகளின் கூட்டாக இருப்பதுதான்.

முதலாவது, சூடு எங்கிருந்து வருகிறது என்பது. பறவையும் பாலூட்டியும் தின்ற உணவை உடலுக்குள் எரித்துச் சூட்டை உண்டாக்குகின்றன. பல்லியும் பாம்பும் வெயிலிலிருந்தும் தரையிலிருந்தும் அதைப் பெறுகின்றன. இரண்டாவது, அந்தச் சூடு எவ்வளவு நிலையாக நிற்கிறது என்பது. மூன்றாவது, உடலின் வளர்சிதை மாற்றம் எவ்வளவு வேகமாக நடக்கிறது என்பது. ஒரே எடையுள்ள பாலூட்டியையும் ஊர்வனவற்றில் ஒன்றையும் எடுத்துக்கொண்டால், ஓய்வில் இருக்கும்போதே பாலூட்டி ஐந்து முதல் பத்து மடங்கு அதிக ஆற்றலைச் செலவிடுகிறது. ஒரு பெரிய இரையை விழுங்கிய முதலை மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். சிறு மூஞ்சூறுகள் சில மணி நேரம் இரை இல்லாவிட்டால் செத்துப்போகும். ஓயாமல் ஓடும் வலிமைக்கு உடல் கொடுக்கும் விலை இது.

இந்த மூன்றும் எப்போதும் சேர்ந்தே வருவதில்லை. பாலைவனப் பல்லிகள் சில நண்பகலில் 40 டிகிரி செல்சியஸ் சூட்டில் திரிகின்றன. அந்தச் சூடு முழுவதும் வெயிலின் கொடை. முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு அடைகாக்கும் பெண் மலைப்பாம்பு தசைகளை விட்டுவிட்டுச் சுருக்கி, சுற்றுப்புறத்தைவிடச் சில டிகிரி அதிகச் சூட்டில் முட்டைகளை வைத்திருக்கிறது. அடைகாலம் முடிந்ததும் மறுபடி வெயிலை நாடும் சாதாரணப் பாம்பாகிவிடுகிறது. தென்னமெரிக்காவின் டெகு பல்லி இனப்பெருக்கக் காலத்தில் மட்டும் இரவிலும் உடலைச் சூடாக வைத்துக்கொள்வது 2016-இல் கண்டறியப்பட்டது. சூரை மீனும் வெள்ளைச் சுறாவும் நீந்தும் தசைகளைக் கடல்நீரைவிடச் சூடாக வைத்திருக்கின்றன. மறுபக்கம், முட்டையிடும் பாலூட்டியான எக்கிட்னாவின் உடற்சூடு 32 டிகிரி அளவில்தான் இருக்கிறது. தேன்சிட்டைவிடச் சிறிய ரீங்காரச் சிட்டு இரவில் தன் உடலைக் குளிரவிட்டு ஆற்றலைச் சேமிக்கிறது. இன்று உயிரோடிருக்கும் விலங்குகளே இரண்டு பெட்டிகளுக்குள் அடங்கவில்லை. ஆனால் டைனோசர் விவாதம் நெடுங்காலம் இந்த இரண்டு பெட்டிகளுக்குள்தான் நடந்தது.

டைனோசர் என்ற தொகுதியை 1842-இல் வகுத்தவர் ஆங்கில உடற்கூற்றியலாளர் ரிச்சர்ட் ஓவன். அவரிடம் இருந்தவை மெகலோசாரஸ், இக்குவனோடான், ஹைலியோசாரஸ் என்ற மூன்று விலங்குகளின் சிதறிய எலும்புகள். அவற்றின் கால்கள் பல்லியின் கால்களைப்போலப் பக்கவாட்டில் பரவாமல், யானைக்கு இருப்பதுபோல உடலுக்கு நேர்கீழே தூணாக நின்றிருக்க வேண்டும் என்று அவர் கண்டார். அந்த அமைப்பிலிருந்து, இவற்றின் இதயம் பாலூட்டியின் நான்கறை இதயத்தை நெருங்கியிருக்கலாம் என்ற ஊகத்துக்கும் போனார். ஓவனுக்கு இதில் வேறொரு கணக்கும் இருந்தது என்று அறிவியல் வரலாற்றாளர் ஏட்ரியன் டெஸ்மண்ட் வாதிட்டிருக்கிறார். உயிர்கள் படிப்படியாக மேலேறி வந்தன என்று அக்காலத்தில் சிலர் சொல்லிவந்தார்கள். இன்றைய ஊர்வனவற்றைவிடப் பழங்கால ஊர்வன மேலானவை என்று காட்டினால் அந்தக் கருத்து அடிபடும். டைனோசரின் சூடு பற்றிய முதல் ஊகமே பரிணாம விவாதத்துக்கான ஆயுதமாகப் பிறந்தது.

ஓவனின் எதிராளியான தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி 1860-களின் இறுதியில் வேறொரு பாதையில் ஏறக்குறைய அதே இடத்துக்கு வந்தார். ஜெர்மனியின் சோல்ன்ஹோஃபன் சுண்ணாம்புப் பாறைகளில் இறகுகளோடு கூடிய ஆர்க்கியாப்டெரிக்ஸ் 1861-இல் கிடைத்திருந்தது. அதையும், அதே வகைப் பாறையில் கிடைத்த காம்ப்சோக்னாதஸ் என்ற சிறு டைனோசரையும் ஒப்பிட்ட ஹக்ஸ்லி, பறவைகளும் டைனோசர்களும் நெருங்கிய உறவினர் என்றார். உறவு அப்படி என்றால் சூடான உடலும் இரண்டுக்கும் பொதுவாக இருந்திருக்கலாம் என்ற எண்ணமும் கூடவே எழுந்தது.

அடுத்த அரை நூற்றாண்டில் காற்று திசை மாறியது. அமெரிக்காவின் மேற்குப் பகுதிகளிலிருந்து வண்டி வண்டியாக வந்த எலும்புகள் நம்பமுடியாத பருமனைக் காட்டின. இவ்வளவு எடையைத் தரையில் தாங்க முடியாது என்று கருதி, நீண்ட கழுத்துள்ள சாரோபாடுகளைச் சதுப்புநிலத்தில் கழுத்தளவு நீரில் நிறுத்தினார்கள். மந்தமான, சிறு மூளையுள்ள, வாலை இழுத்து நடக்கும் பெரும்பல்லி என்ற படிமம் அருங்காட்சியகச் சுவர்களிலும் பாடநூல்களிலும் குடியேறியது. ஆழ்ந்த நீரில் மார்பின்மேல் விழும் அழுத்தத்தால் சாரோபாடு மூச்சே விட முடியாது என்று 1951-இல் கென்னத் கெர்மாக் காட்டிய பிறகும் அந்தப் படிமம் உடனே கலையவில்லை.

அந்தக் காலத்தின் முக்கியமான சோதனை 1946-இல் வெளியானது. எட்வின் கோல்பர்ட், ரேமண்ட் கவுல்ஸ், சார்லஸ் போகர்ட் மூவரும் வெவ்வேறு அளவுள்ள அமெரிக்க முதலைகளை வெயிலிலும் நிழலிலும் வைத்து உடற்சூட்டை அளந்தார்கள். சிறிய முதலை விரைவில் சூடாகி விரைவில் ஆறியது. பெரியது மெல்லச் சூடாகி மெல்ல ஆறியது. டம்ளர் நீரும் அண்டா நீரும் ஆறுவதில் உள்ள வேறுபாடுதான் இது: கொள்ளளவு பெருகும் வேகத்துக்கு மேற்பரப்பு பெருகுவதில்லை. பல டன் எடையுள்ள டைனோசரில் இந்தக் கணக்கை ஏற்றிப் பார்த்தால், அது உள்ளே சூட்டை உண்டாக்காவிட்டாலும் பகலிலும் இரவிலும் ஏறத்தாழ ஒரே சூட்டில் இருந்திருக்கும். நிலையான சூட்டையும் வேகமான வளர்சிதை மாற்றத்தையும் பிரித்துப் பார்க்கத் தேவையான கருத்து அப்போதே கிடைத்துவிட்டது. ஆனால் அதன் முழுப் பொருள் விளங்கச் சில பத்தாண்டுகள் ஆயின.

படிமத்தை உடைத்த எலும்புகள் 1964-இல் மொண்டானாவில் கிடைத்தன. யேல் பல்கலைக்கழகத்தின் ஜான் ஆஸ்ட்ரம் 1969-இல் விவரித்த டைனானிகஸ், மனிதனுக்கு ஒப்பான எடையுள்ள ஊனுண்ணி. பின்காலின் இரண்டாம் விரலில் அரிவாள்போல வளைந்த நகம். நடக்கும்போது தரையில் படாமல் அந்த விரல் உயர்த்தி வைக்கப்பட்டிருந்தது. எலும்புக் கோல்களால் விறைப்பாக்கப்பட்ட வால் உடலைச் சமன்செய்தது. நிற்பதும் தாவுவதும் திரும்புவதும் உதைப்பதும் இதன் வாழ்க்கையாக இருந்திருந்தால், வெயிலுக்காகக் காத்திருக்கும் உடல் இதற்குப் போதாது. ஆஸ்ட்ரம் எச்சரிக்கையானவர்; பறவைகள் டைனோசர்களிலிருந்து வந்தவை என்ற ஹக்ஸ்லியின் கருத்தை அவர் 1970-களில் மறுபடி நிறுவினார், உடற்சூட்டைப் பற்றி மட்டும் அளந்தே பேசினார்.

அவருடைய மாணவர் ராபர்ட் பேக்கர் அப்படி அளந்து பேசவில்லை. 1968-இலேயே டைனோசர்களின் மேன்மை குறித்து எழுதிய அவர், 1975-இல் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் வெளியான கட்டுரையிலும் 1986-இல் வெளிவந்த நூலிலும், எல்லா டைனோசர்களும் முழுமையான வெப்ப இரத்தப் பிராணிகள் என்றார். அவர் அடுக்கிய சான்றுகளில் புதுமையானது இரைக்கணக்கு. வெப்ப இரத்த ஊனுண்ணிக்கு நிறையத் தீனி வேண்டும். அதனால் ஒரு நிலப்பகுதியில் இரைவிலங்குகளின் மொத்த எடையில் மிகச் சிறிய பங்கே ஊனுண்ணிகளாக இருக்க முடியும். குளிர் இரத்த ஊனுண்ணியானால் அந்தப் பங்கு பல மடங்கு கூடலாம். டைனோசர் படிவங்களில் ஊனுண்ணிகள் அரிதாகவே கிடைத்தன. சிங்கங்களும் மான்களும் வாழும் புல்வெளியின் கணக்கை அது ஒத்திருந்தது.

மறுப்பு பல திசைகளிலிருந்து வந்தது. அருங்காட்சியகச் சேகரிப்பு, காட்டில் எடுத்த கணக்கெடுப்பு ஆகாது. எந்த எலும்பு புதைந்தது, எதை மனிதர்கள் தேடி எடுத்தார்கள் என்பதெல்லாம் விகிதத்தை மாற்றும். பெரிய உடலுள்ள ஊனுண்ணி, குளிர் இரத்தமுள்ளதானாலும் எண்ணிக்கையில் குறைவாகவே இருக்கும். அமெரிக்க அறிவியல் முன்னேற்றக் கழகம் 1978-இல் கூட்டிய கருத்தரங்கின் கட்டுரைகள் 1980-இல் நூலாக வந்தபோது, பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் பேக்கரின் முடிவை முழுதாக ஏற்கவில்லை என்பது தெரிந்தது. ஆனால் டைனோசர் மந்தமான விலங்கு என்ற பழைய படிமத்துக்கும் யாரும் திரும்பிப் போகவில்லை. அதன்பின் விவாதம் வாதத்திறமையை விட்டு ஆய்வகத்துக்கு நகர்ந்தது.

ஆய்வகத்தில் முதலில் பேசியது எலும்பு. தொடை எலும்பின் நடுப்பகுதியிலிருந்து வைர விளிம்புள்ள சக்கரத்தால் மெல்லிய வில்லை ஒன்று அறுத்தெடுக்கப்படும். அதைக் கண்ணாடித் தகட்டில் பிசின் இட்டு ஒட்டி, ஒளி ஊடுருவும்வரை, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத் தேய்ப்பார்கள். முனைவாக்கப்பட்ட ஒளியில் நுண்ணோக்கிவழி பார்த்தால் அந்த விலங்கு வளர்ந்த வேகம் தெரியும். மெல்ல வளர்ந்த எலும்பில் நார்கள் ஒழுங்கான அடுக்குகளாகப் படிந்திருக்கும். இரத்தக்குழாய்த் துளைகள் குறைவு. அவசரமாக வளர்ந்த எலும்பில் நார்கள் தாறுமாறாகப் பின்னிக் கிடக்கும். இடையிடையே குழாய்த் துளைகள் நெருக்கமாகத் தெரியும். பாரிஸில் அர்மான் த ரிக்லே 1970-களில் பார்த்த டைனோசர் எலும்புகள் பெரும்பாலும் இரண்டாவது வகை. இன்றைய மாடுகளிலும் பெரிய பறவைகளிலும் காணப்படும் அமைப்பு அது.

அதே வில்லைகளில் மரத்தின் ஆண்டு வளையங்களை ஒத்த கோடுகளும் இருந்தன. ஆண்டில் ஒரு பருவத்தில் வளர்ச்சி நின்றதன் அடையாளம் அவை. முதலை எலும்பில் இக்கோடுகள் வழக்கம் என்பதால், டைனோசர்கள் குளிர் இரத்தப் பிராணிகள் என்பதற்கு இவையே சான்று என்று ஒரு தரப்பு நெடுநாள் சொல்லிவந்தது. 2012-இல் மெய்க்கே கோலரும் குழுவினரும் ஆப்பிரிக்கா முதல் துருவப் பகுதி வரை வாழும் அசைபோடும் பாலூட்டிகளின் எலும்புகளை ஆராய்ந்தபோது, வெப்ப இரத்தப் பிராணிகளான அவற்றிலும் தீவனம் குறையும் பருவத்துக்குரிய கோடுகள் தவறாமல் இருந்தன. அந்த வாதம் அதோடு வலுவிழந்தது. எதிர்த்தரப்புக்கு உதவியும் கிடைத்துவிடவில்லை. கோடுகள் இரு வகை விலங்குகளிலும் இருப்பதால் அவற்றைக்கொண்டு எதையும் தீர்மானிக்க முடியாது என்பதே விளைவு.

ஆனால் கோடுகள் வயதைச் சொல்லும். எலும்பின் பருமன் எடையைச் சொல்லும். இரண்டையும் சேர்த்தால் வளர்ச்சி வேகம் கிடைக்கும். 2004-இல் கிரகரி எரிக்சன் குழு டைரனோசாரஸ் ரெக்ஸுக்கு இந்தக் கணக்கைப் போட்டது. சிகாகோ அருங்காட்சியகத்தில் நிற்கும் ‘சூ’ என்ற பெரிய எலும்புக்கூட்டின் சொந்தக்காரர் சாகும்போது வயது 28. ஏறக்குறைய 14 முதல் 18 வயதுவரை அந்த இனம் நாளொன்றுக்கு 2 கிலோவுக்கு மேல் எடை கூடியிருக்க வேண்டும் என்று மதிப்பிட்டார்கள். எந்த முதலையும் இந்த வேகத்தை எட்டுவதில்லை. தென்னாப்பிரிக்காவின் அனுசுயா சின்சாமி-தூரான் போன்றவர்களின் ஆய்வுகள் மற்றொன்றையும் காட்டின: டைனோசர் இனங்கள் எல்லாம் ஒரே விதமாக வளரவில்லை, சில இடைவிடாமல் வளர்ந்தன, சில பருவத்துக்குப் பருவம் நின்று வளர்ந்தன.

உடலின் பிற உறுப்புகளும் சாட்சிக்கு அழைக்கப்பட்டன. நீண்ட கழுத்தை உயர்த்திய சாரோபாடின் மூளைக்கு இரத்தம் ஏற, இதயம் மிகுந்த அழுத்தத்தில் தள்ள வேண்டும். அதே அழுத்தம் நுரையீரலுக்குப் போனால் நுரையீரல் கிழிந்துவிடும். எனவே இரு சுற்றுகளையும் பிரிக்கும் நான்கறை இதயம் கட்டாயம் என்று ரோஜர் சீமோர் காட்டினார். ஆனால் முதலைக்கும் நான்கறை இதயம் உண்டு. அதனால் இது சூட்டுக்கு உறுதியான சான்றாகவில்லை. சாரோபாடுகளின் முதுகெலும்புகளிலும் ஊனுண்ணி டைனோசர்களின் முதுகெலும்புகளிலும் காணப்படும் குழிவுகள், பறவைகளுக்கு இருப்பவை போன்ற காற்றுப்பைகள் அவற்றுக்கும் இருந்ததைக் காட்டுகின்றன. ஆக்சிஜனை ஓயாமல் இழுக்கும் திறமையான நுரையீரல் அது. உள்ளே பெருகும் சூட்டை வெளியேற்றவும் அது உதவியிருக்கும்.

எதிர்த்தரப்பின் வலுவான சாட்சி மூக்கு. வெப்ப இரத்தப் பிராணி அடிக்கடி மூச்சுவிடுகிறது. ஒவ்வொரு மூச்சிலும் சூடும் ஈரமும் வெளியேறும். அந்த இழப்பைத் தடுக்கப் பாலூட்டிகளின் மூக்கிலும் பறவைகளின் மூக்கிலும் சுருள்சுருளான மெல்லிய தகடுகள் இருக்கின்றன. 1996-இல் ஜான் ரூபன் குழு டைனோசர் மண்டையோடுகளை சி.டி. ஸ்கேன் செய்து, அந்தத் தகடுகளுக்கு வேண்டிய இடமே மூக்கறையில் இல்லை என்றது. தகடுகள் குருத்தெலும்பால் ஆனவையாக இருந்தால் கல்லாகியிருக்காது என்பது மறுதரப்பின் பதில். பிறகு, கவச உடல்கொண்ட ஆங்கிலோசார்களின் மூக்குப் பாதை குடல்போல வளைந்து வளைந்து செல்வதும், அது காற்றின் சூட்டைப் பிடித்து வைத்திருக்கக்கூடியது என்பதும் 2018-இல் கணினி மாதிரிகளால் காட்டப்பட்டன. அதே வேலையை வேறு உறுப்பு செய்திருக்கலாம் என்ற வாய்ப்பு திறந்தது.

ஆர்வம் சான்றை முந்திய நேரங்களும் உண்டு. 1993-இல் தெற்கு டக்கோட்டாவில் கிடைத்த ‘வில்லோ’ என்ற தெசலோசாரஸின் மார்புக்கூட்டுக்குள் இரும்புச் சத்துள்ள கட்டி ஒன்று இருந்தது. அது கல்லான நான்கறை இதயம் என்று 2000-இல் ‘சயன்ஸ்’ இதழில் அறிவிக்கப்பட்டு உலகச் செய்தியானது. 2011-இல் நுட்பமான மறு ஆய்வு, அது மணலும் கனிமங்களும் திரண்டு உருவான கட்டி என்று முடிவு சொன்னது.

பேருடலின் கணக்கு 1990-இல் மறுபடி முன்னுக்கு வந்தது. கடலாமைகளில் பெரிய தோல்முதுகு ஆமை குளிர்ந்த வடகடல்களில் நீந்தும்போதும் அதன் உட்புறம் நீரைவிடப் பல டிகிரி சூடாக இருக்கிறது. பருத்த உடல், கொழுப்புப் போர்வை, துடுப்புகளுக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் திறன் ஆகியவற்றால், பாலூட்டியின் ஆற்றல் செலவு இல்லாமலே அது இதைச் சாதிக்கிறது. ஃபிராங்க் பலடினோ, மைக்கேல் ஓகானர், ஜேம்ஸ் ஸ்பொட்டிலா மூவரும் பெரும் டைனோசர்களுக்கும் இதுவே வழியாக இருந்திருக்கும் என்றனர். பேருடல் வாதத்தின் பலவீனம் குஞ்சுகளில் இருக்கிறது. நர்மதைப் பள்ளத்தாக்கின் தார் மாவட்டத்தில் 92 கூடுகளிலாக 256 டைட்டனோசார் முட்டைகள் கிடைத்ததாக 2023-இல் ஆய்வாளர்கள் தெரிவித்தார்கள். பல டன் எடைக்கு வளரும் இந்த விலங்குகள் கையால் தூக்கக்கூடிய முட்டையிலிருந்து வெளிவந்தவை. பேருடல் தரும் சூடு அந்தக் குஞ்சுக்குக் கிடையாது. பேருடலாக வளர வேண்டிய அவசரமோ அதற்குத்தான்.

முழு வெப்ப இரத்தத்துக்கு எதிராகச் சொல்லப்படும் தீனிக்கணக்கும் பார்க்கத் தகுந்தது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோ தழை தின்னும் 5 டன் யானையைவிடப் பத்து மடங்கு எடையுள்ள சாரோபாடு, அந்தச் சிறிய தலையால் எவ்வளவு தின்றிருக்க முடியும் என்று கேட்டார்கள். ஆனால் எடை கூடும் வேகத்தில் ஆற்றல் தேவை கூடுவதில்லை. மேக்ஸ் கிளைபர் 1932-இல் கண்ட விதிப்படி எடை பத்து மடங்கானால் தேவை ஐந்தரை மடங்குதான் ஆகும். ஏறத்தாழ 800 கிலோ என்பது பெரிய அளவுதான். தழையை மெல்லாமல் விழுங்கி வயிற்றில் நொதிக்கவிடும் விலங்குக்கு அது எட்டாத அளவு என்றும் சொல்லிவிட முடியாது.

சீனாவின் லியாவோனிங் மாகாணத்தில் 1996-இல் சினோசாரோப்டெரிக்ஸ் கிடைத்ததும் விவாதம் வேறு தளத்துக்கு ஏறியது. பறக்க வழியில்லாத அந்தச் சிறு டைனோசரின் முதுகு நெடுக மென்மயிர் போன்ற இறகுகள். பறப்பதற்குப் பயன்படாத இறகு உடலைப் போர்த்தவே பயன்பட்டிருக்கும். வெயிலை நம்பும் விலங்குக்குப் போர்வை இடைஞ்சல். உள்ளே சூடு உண்டாக்கும் விலங்குக்கே அது ஆதாயம். 2012-இல் ஒன்பது மீட்டர் நீளமுள்ள யூடைரனஸும் 2014-இல் சைபீரியாவில் தாவர உண்ணியான குலிண்டாட்ரோமியஸும் இறகுகளோடும் இழைகளோடும் அறிவிக்கப்பட்டன. மறுபுறம், டைரனோசாரஸ் ரெக்ஸின் கிடைத்த தோல் பதிவுகளில் செதில்களே தெரிகின்றன. மிகப் பெரிய உடலுக்குச் சூட்டைக் காப்பதைவிட வெளியேற்றுவதே சிக்கல் என்பதால் அதில் முரண்பாடு இல்லை.

குளிர் நாடுகளில் வாழ்ந்த டைனோசர்களும் வலுவான சாட்சிகள். அலாஸ்காவின் வடசரிவில் உள்ள பிரின்ஸ் கிரீக் படிவப் பாறைகள், கிரெட்டேசியஸ் காலத்தின் இறுதியில் வடதுருவத்துக்கு இன்னும் அருகில் இருந்தன. அங்கே ஆண்டின் சராசரிச் சூடு 6 டிகிரி அளவு. குளிர்காலத்தில் மாதக்கணக்கில் சூரியனே இல்லை. அந்தப் பாறைகளில் டைனோசர்களும் பாலூட்டிகளும் கிடைக்கின்றன. ஆமை, பல்லி, முதலை கிடைக்கவில்லை. கோடையில் மட்டும் வந்துபோனவையாக இருக்கலாம் என்ற ஐயத்தை 2021-இல் வெளியான ஆய்வு பெருமளவு தீர்த்தது. முட்டையிலிருந்து வெளிவரும் பருவத்துக் குஞ்சுகளின் நுண்ணிய பற்களும் எலும்புகளும் ஏழு வகை டைனோசர்களுக்கு அங்கே கிடைத்தன. அடைகாலம் மாதக்கணக்கில் நீடிக்கும் விலங்கு, கோடையில் பொரித்த குஞ்சோடு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே நடந்திருக்க முடியாது. அவை அங்கேயே இருளையும் பனியையும் கழித்திருக்க வேண்டும்.

உடற்சூட்டையே அளக்கும் முயற்சி வேதியியலிலிருந்து வந்தது. பற்சிப்பியில் உள்ள கார்பனேட்டில் சாதாரணக் கார்பனோடும் ஆக்சிஜனோடும், எடை கூடிய கார்பன்-13, ஆக்சிஜன்-18 ஐசோடோப்புகளும் சிறிதளவு கலந்திருக்கும். கனிமம் உருவாகும்போது சூடு குறைவாக இருந்தால் இந்த இரண்டு கன அணுக்களும் ஒன்றோடொன்று பிணைவது கூடும். சூடு அதிகமானால் குறையும். விலங்கு குடித்த நீரின் தன்மை தெரியாவிட்டாலும் பல் உருவான சூட்டை இதன்மூலம் கணிக்கலாம். 2011-இல் ராபர்ட் ஈகிள் குழு தான்சானியாவிலும் அமெரிக்காவிலும் கிடைத்த சாரோபாடு பற்களை இப்படி அளந்து, 36 முதல் 38 டிகிரி என்றது. மனித உடலின் சூடு இது. உடற்பருமனை மட்டும் வைத்துக் கணித்த மாதிரிகள் 40 டிகிரிக்கு மேல் எதிர்பார்த்திருந்ததால், இவற்றிடம் உடலைக் குளிர்விக்கும் வழி ஏதோ இருந்திருக்க வேண்டும் என்றும் ஆய்வாளர்கள் கருதினர்.

தாயின் உடலுக்குள் உருவாகும் முட்டையோடும் இதே வகையில் அளக்கப்பட்டது. அர்ஜென்டினாவின் டைட்டனோசார் ஓடுகள் 38 டிகிரிக்கு அருகிலும், மங்கோலியாவின் சிறிய ஓவிராப்டர் வகை ஓடுகள் 32 டிகிரிக்கு அருகிலும் இருந்ததாக 2015-இல் தெரிந்தது. 2020-இல் வெளியான அளவீட்டில் கனடாவின் ட்ரூடான் வகை ஓடுகள் 30-க்குக் கீழிருந்து 38 வரை வேறுபட்டன. சிறிய உடலும் குளிர்ந்த சுற்றுப்புறமும் கொண்ட விலங்கு இவ்வளவு சூட்டை எட்டியிருப்பதால், அது உள்ளே உண்டான சூடே. ஆனால் அது எப்போதும் ஒரே அளவில் நிற்கவில்லை போலும்.

இந்த நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டிலிருந்து கேள்வியே உருமாறத் தொடங்கியது. 2014-இல் ஜான் கிரேடி குழு நூற்றுக்கணக்கான உயிரினங்களின் வளர்ச்சி வேகத்தை ஒப்பிட்டு, டைனோசர்கள் இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே, சூரை மீனும் தோல்முதுகு ஆமையும் இருக்கும் இடைநிலையில் விழுகின்றன என்றது. வளர்ச்சி நின்றுபோகும் மாதங்களைக் கணக்கில் எடுத்தால் உண்மையான வேகம் இன்னும் கூடும் என்றும், பறவைகளையும் டைனோசர்களோடு சேர்த்துக் கணித்தால் விடை மாறும் என்றும் மைக்கேல் டெமிக் மறுத்தார். 2022-இல் யாஸ்மினா வீமன் குழு வேறொரு தடயத்தைப் பின்பற்றியது. செல்கள் ஆக்சிஜனை எரிக்கும்போது உண்டாகும் கழிவுப்பொருள்கள் எலும்பில் நிலையான மூலக்கூறுகளாகத் தங்குகின்றன. அவற்றை ஒளியலை ஆய்வால் எலும்பைச் சிதைக்காமல் அளக்கலாம் என்றனர். அவர்களின் முடிவில் டைனோசர்களின் பொது மூதாதைக்கே பறவையை நெருங்கும் வளர்சிதை வேகம் இருந்தது. சாரோபாடுகளும் டைரனோசாரஸ் உள்ளிட்ட ஊனுண்ணிகளும் அதைக் காத்துக்கொண்டன. ஸ்டெகோசாரஸ், ட்ரைசெரடாப்ஸ், வாத்துமுக டைனோசர்கள் அடங்கிய பறவை இடுப்புக் கிளையில் அது பின்னர் குறைந்தது. இந்த முறையும் மறுப்பின்றித் தப்பவில்லை.

2024-இல் அல்ஃபியோ கியாரென்ட்ஸா குழு எலும்பை விட்டு நிலப்படத்தைப் பார்த்தது. எந்தக் கிளை எந்தத் தட்பவெப்பத்தில் வாழ்ந்தது என்று பழங்காலத் தட்பவெப்ப மாதிரிகளோடு ஒப்பிட்டபோது, ஏறத்தாழ 18.3 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைப் பெருக்கால் புவி வெப்பமடைந்த காலத்தையொட்டி ஊனுண்ணிகளும் பறவை இடுப்புக் கிளையும் குளிர்ந்த நிலப்பகுதிகளுக்குப் பரவியது தெரிந்தது. சாரோபாடுகள் வெப்பமான நிலங்களையே பற்றிக்கொண்டன. எனவே முதல் இரண்டு கிளைகளில் உள்ளிருந்து சூடு உண்டாக்கும் திறன் அப்போது வளர்ந்திருக்கலாம் என்பது அவர்களின் கருத்து.

இங்கேதான் சான்றுகள் நேருக்கு நேர் மோதுகின்றன. வேதியியல் தடயம் சாரோபாடுகளை உயர்ந்த வேகத்திலும் பறவை இடுப்புக் கிளையைத் தாழ்ந்த வேகத்திலும் வைக்கிறது. நிலப்படம் ஏறத்தாழ அதைத் தலைகீழாக்குகிறது. பறவை இடுப்புக் கிளையைச் சேர்ந்த மயாசாராவின் முட்டையோடோ 2020 அளவீட்டில் 40 டிகிரிக்கும் மேற்பட்ட சூட்டைக் காட்டியது. ஒவ்வொரு சான்றும் எந்தப் பண்பை அளக்கிறது என்று பிரித்துப் பார்த்தால் மோதலின் ஒரு பகுதி கரையும். பல்லும் முட்டையோடும் உடல் எவ்வளவு சூடாக இருந்தது என்பதை மட்டும் சொல்கின்றன. அந்தச் சூடு பருமனால் வந்ததா, வளர்சிதை மாற்றத்தால் வந்ததா என்று சொல்வதில்லை. எலும்பின் நுண்ணமைப்பு வளர்ச்சி வேகத்தைச் சொல்கிறது. அது ஓய்வுநிலை ஆற்றல் செலவோடு தொடர்புள்ளது, ஆனால் அதே அன்று. இறகும் துருவ வாழ்க்கையும் சூடு உள்ளிருந்து வந்ததைச் சொல்கின்றன; எவ்வளவு என்று சொல்வதில்லை. நிலப்பரவல் தீவனத்தையும் பொறுத்தது. குளிர்நிலத்தில் பேருடலுக்குப் போதிய தழை கிடைக்காததாலும் சாரோபாடு அங்கே போகாமல் இருந்திருக்கலாம்.

கால அளவையும் மறக்கக் கூடாது. டைனோசர்கள் நிலத்தில் ஓங்கியிருந்த காலம் ஏறத்தாழ 16 கோடி ஆண்டுகள். ஸ்டெகோசாரஸுக்கும் டைரனோசாரஸுக்கும் இடையே 8 கோடி ஆண்டுகள் உள்ளன. டைரனோசாரஸிலிருந்து இன்றைய நாள்வரை அதைவிடக் குறைவு. கோழியளவு இரையாளி முதல் பல பத்து டன் தழையுண்ணி வரை, நிலநடுக்கோடு முதல் துருவம் வரை பரவிய கூட்டம் முழுவதற்கும் ஒரே உடலியல் இருந்திருக்கும் என்று எதிர்பார்க்கக் காரணமே இல்லை. டெகு பல்லியும் மலைப்பாம்பும் காட்டுவதுபோல, ஒரே விலங்கின் உடலும் பருவத்துக்குப் பருவம் வேறு முறையைப் பின்பற்றக்கூடும்.

இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஒப்புக்கொள்வது இவ்வளவு: டைனோசர்கள் முதலையைப் போலவோ பல்லியைப் போலவோ வாழவில்லை, அவற்றின் வளர்ச்சி இன்றைய ஊர்வனவற்றைவிட மிக வேகமானது, பறவைகளுக்கு இட்டுச்சென்ற சிறிய ஊனுண்ணிக் கிளையில் உள்ளிருந்து சூடு உண்டாக்கும் திறன் பறவை தோன்றுவதற்கு முன்பே இருந்தது. தீராமல் நிற்பவை, அந்தத் திறன் எல்லாக் கிளைகளுக்கும் பொதுவான மூதாதையிடமிருந்து வந்ததா, தனித்தனியே தோன்றியதா என்பதும், பறவை இடுப்புக் கிளையில் அது பின்னர் குறைந்ததா என்பதும், சாரோபாடுகளின் சூட்டில் பருமனுக்கு எவ்வளவு பங்கு, வளர்சிதை மாற்றத்துக்கு எவ்வளவு பங்கு என்பதும்தான். ஓவனின் காலத்தில் முழுத் தொகுதிக்கும் கேட்கப்பட்ட ஒற்றைக் கேள்வி, இப்போது கிளை கிளையாக, வயது வயதாகக் கேட்கப்படும் பல கேள்விகளாகப் பிரிந்திருக்கிறது. அவற்றுக்கு விடை காண, ஒரே இனத்தின் குஞ்சு, இளவயது, முதிர்ந்த விலங்கு ஆகியவற்றின் எலும்பும் பல்லும் முட்டையோடும் ஒரே பாறையிலிருந்து கிடைத்து, எல்லா முறைகளாலும் சேர்த்து அளக்கப்பட வேண்டும். அப்படிப்பட்ட தொகுப்புகள் மிகச் சில இனங்களுக்கே இதுவரை கிடைத்திருக்கின்றன.